யத்த, கியத, நியன

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பலாமரப் பெட்டி கிடக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். செய்த புதிதில் நல்ல மஞ்சளாக இருந்ததாம். பலா அப்படித்தான். அறுத்த புதிதில் மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருக்கும், வருஷம் போகப் போகக் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடும். மூடியின் உட்புறம் கறுப்புப் பெயிண்டில் அப்பாவின் பெயர், ஓர் எண், அதன் கீழே ‘மண்டபம் கேம்ப்’. எழுத்து அப்பாவுடையது. எனக்கு சிலேட்டில் ‘அ’ போட்டுக் காட்டியபோதும் இதே மாதிரி வலப்பக்கம் சாய்ந்துதான் எழுதினார்.

அப்பா போன தை மாதம் தவறினார். தொண்ணூறு வயது. முதல் வருஷத் திதிக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பேச உட்கார்ந்தபோது அண்ணன் மகள் கேட்டாள்: “அத்தை, தாத்தா எந்த ஊரு?” நான் ஒரு நொடி முழித்தேன். அவளுக்கு ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலி தச்சநல்லூரில் எங்கள் தெருவில் போய் அப்பாவின் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பாஸ் வீடு’ என்றால் சின்னப் பிள்ளையும் கையைக் காட்டும். வெளியூர்க்காரர்கள் அதை முதலாளி என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள். அது அந்தப் பாஸ் இல்லை. இலங்கையில் கைத்தொழில்காரரைப் பாஸ் என்பார்கள். மரவேலை செய்கிறவர் தச்சுப் பாஸ், கட்டட வேலைக்காரர் மேசன் பாஸ். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். ஆங்கிலத்தில் முதலாளியைச் சொல்கிற பாஸும் அதே டச்சுச் சொல்லில் இருந்து வந்ததுதான் என்று பின்னால் படித்தபோது அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். “அப்படிங்களா?” என்று கேட்டுவிட்டு மறுபடி உளியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். பெற்ற மகளையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். அது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பழக்கம். எங்கள் தெருவில் எல்லாரும் ‘ஏல’, ‘ஏட்டி’ என்று கூப்பிட்டுக்கொள்ளும்போது எங்கள் வீட்டுக்குள் மட்டும் “வாங்க, சாப்பிடுங்க” என்று கேட்கும்.

அப்பா பிறந்தது 1934இல், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் லைன் வீட்டில். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, நாங்குநேரிப் பக்கத்து ஆள். 1920களில், தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு கங்காணியோடு, இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப் வழியாக இலங்கைக்குப் போனவர். அப்பாவுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது, 1948இல், இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழர்கள் லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே மண்ணுக்குள் போனவர்களின் பிள்ளைகளைக் ‘கள்ளத்தோணி’ என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை அப்பா எங்களிடம் இரண்டு மூன்று தடவைதான் சொல்லியிருப்பார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

பதினாறு வயதில் தேயிலை ஃபேக்டரியில் மரம் பிடிக்கப் போனார். அங்கே தச்சுவேலை பார்த்தவர் ஒரு சிங்களவர். எல்லாரும் மரியாதையாக ‘பாஸ் உன்னஹே’ என்று கூப்பிடுவார்களாம். அப்பாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியவே தெரியாது. முதல் ஆறு மாதம் தீட்டுகிற வேலை மட்டும்தான். உளி, இழைப்புளி அலகு, மறுபடி உளி. தீட்டியதை இடது முன்கையில் வைத்து மயிரைச் சிரைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முடி மிச்சமிருந்தாலும் கல்லுக்குத் திரும்பிப் போக வேண்டும். அப்பாவின் இடது முன்கையில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு எப்போதுமே முடி இருக்காது. வேலையை விட்டு ஐந்தாறு வருஷம் ஆன பிறகுதான் அந்த இடத்தில் முடி வளர்ந்தது, அதுவும் வெள்ளையாக. குளிப்பாட்டி விடும்போது அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

ஃபேக்டரி என்றால் இரும்பு மெஷின் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தச்சருக்கு அங்கே ஓயாத வேலை. மேல்மாடி முழுக்கக் கொழுந்தை வாட்டுகிற தட்டுகள். மரச்சட்டத்தில் சாக்குத்துணி இழுத்துக் கட்டியிருக்கும். ஈரக் கொழுந்து விழுந்து விழுந்து சட்டம் உளுத்துப்போகும். பிறகு தேயிலைப் பெட்டி: மெல்லிய பிளைவுட் பலகை, மூலைக்கு மூலை தகரப் பட்டை, உள்ளே அலுமினியத் தாள். அந்தப் பெட்டி அடித்த கை எத்தனையோ வருஷம் கழித்தும் வேகம் குறையவில்லை. வாயில் பத்து ஆணியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பார். அம்மா பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விடுவாள்.

மரவேலையை அவர் படித்தது முழுக்கச் சிங்களத்தில். இழைப்புளி அவருக்கு யத்த. ரம்பம் கியத. உளி நியன. சுத்தியல் மிட்டிய. பலகையை எண்ணும்போது எக்கய், தெக்கய், துனய், ஹத்தரய், பஹய் என்றுதான் போகும். ரூபாய் எண்ணும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று தமிழுக்கு வந்துவிடுவார்.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. ஆட்களை மூட்டை பிரிக்கிற மாதிரி பிரித்திருக்கிறார்கள். என் கோபம் இது, அப்பாவுடையது இல்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தாத்தா “நம்ம ஊருக்குப் போயிரணும், நாங்குநேரியில நமக்கு மண்ணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். தாள் வந்து சேர ஒன்பது வருஷம் ஆனது. அதற்குள் தாத்தா அங்கேயே தோட்டத்து மண்ணில் புதைந்துபோனார்.

1973. தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் மாவும் கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். அண்ணனுக்கு ஏழு வயது, அக்காவுக்கு நாலு. பயண நாள் குறித்து வந்ததும் பாஸ் உன்னஹே தன் வீட்டுத் தோட்டத்தில் வெட்டி உலர்த்தி வைத்திருந்த பலாப் பலகையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பலகை. நாலு சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்த பெட்டிதான் இது. நாலு மூலையும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போகும். கீலுக்கு அடித்த ஆணியைத் தவிர பெட்டியில் வேறு ஆணி கிடையாது. மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசையும் போடவில்லை. “கடல் காத்து பட்டா வஜ்ஜிரம் இளகிரும், மரம் மரத்தைப் பிடிச்சுக்கிட்டாத்தான் நிக்கும்” என்றாராம் அவர்.

ரயிலை அவர்கள் கோச்சி என்பார்கள். இந்தியாவுக்கு அனுப்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் அக்கா குடும்பம் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி அங்கேயே தங்கியது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒருத்தி இந்தியாக்காரி, ஒருத்தி இலங்கைக்காரி. ஜன்னல் கம்பியோடு பிடித்திருந்த கையை அக்கா கடைசிவரை விடாமல் ஓடிவந்ததை அம்மா சொல்லும்போது நடுவில் நிறுத்திவிடுவாள். மீதியை நாங்கள் கேட்டதில்லை.

தலைமன்னாரில் இருந்து ராமானுஜம் கப்பல். இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் கேம்ப். தாத்தா போகும்போது தங்கிய அதே கேம்ப். குடும்ப அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று இருந்தது. அப்பா வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிற ஊர். அதற்குத் திரும்பி வந்தார் என்று எழுதியிருக்கிறது.

நாங்குநேரிப் பக்கத்து ஊருக்குக் குடும்பத்தோடு போனார்கள். ஊர் பெயரை நான் எழுதவில்லை, இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் அண்ணன் மகன் வீட்டுத் திண்ணையில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னாலேயே கேள்வியும் வந்தது.

“எத்தனை நாள் இருப்பிய?”

அப்பாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. “இனிமே இங்கதாங்க” என்றிருக்கிறார். உள்ளே பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். தாத்தா சொன்ன அந்த மண், மழை பார்த்துக் கிடக்கிற ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அதில் மூன்று பேருக்கு ஏற்கெனவே வழக்கு. அன்று ராத்திரி திண்ணையிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்கள். அண்ணனுக்கு அந்த நடை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. “உடைமரத்து முள்ளு காலுல ஏறிட்டு. அப்பா ஒரு கையால பெட்டியப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சு எடுத்தாவ” என்பான்.

பஸ் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டது. டீக்கடையில் ‘மரக்கடை எங்கே இருக்கிறது’ என்று கேட்டிருக்கிறார். தச்சநல்லூருக்குப் போகச் சொன்னார்கள். ஊர்ப் பெயரிலேயே தச்சன் இருக்கிறானே என்று அப்பாவுக்கு ஒரு தைரியம்.

அந்தத் தைரியம் ஒரு நாள் கூட நிற்கவில்லை. மரக்கடையில் முதல் கேள்வி, “நீரு எந்தூரு ஆசாரிவே?” அப்பா ஆசாரி சாதி இல்லை. தோட்டத்தில் கை பழகினவன் பாஸ், அவ்வளவுதான். இங்கே உளியைத் தொடுவதற்குப் பிறப்பு வேண்டும். இல்லை என்றதும், மரம் தூக்குகிற வேலை கொடுத்தார்கள். இருபது வருஷம் இழைத்த கை, மூன்று வருஷம் செங்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வருகிற தடியை இறக்கி அடுக்கியது. அந்த அறுவை மில்லில்தான் இடது மோதிரவிரலின் நுனி போனது. மில்காரர் கட்டுப்போட ஆள் அனுப்பினார், நஷ்டஈடு என்று ஒன்றும் கொடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்க யார் இருந்தார்கள் அவருக்கு?

தொழில் கடன் என்று அரசாங்கம் ஒன்று கொடுத்தது. அதை வாங்கித் தருகிறேன் என்று வந்த தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார். எங்களோடு கேம்பில் இருந்து வந்த பல குடும்பங்களுக்கு இதே கதைதான். அந்த மிச்சத்தில் அப்பா முதலில் வாங்கியது ஒரு தீட்டுக்கல்.

அம்மா பீடி சுற்றப் பழகினாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை என்றால் மடியில் பீடி சுற்றுகிற சொளவு, அதாவது முறம், இருக்கும். இலையை நனைத்து, தகட்டை வைத்து வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, ஆயிரம் பீடிக்குக் கூலி. கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டால் சரியில்லை என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை, ஆனால் அதைத் திருப்பியும் தரமாட்டார்கள். “அங்க பச்ச இல, இங்க காஞ்ச இல. இலயில இருந்து எனக்கு விடுதலை இல்ல போல” என்பாள் அம்மா. நான் பிறந்தது 1978இல். எனக்கு ஞாபகமிருக்கிற முதல் வாசனை பீடித்தூளும் மரத்தூளும் கலந்தது.

அப்பாவை மறுபடி தச்சராக்கியவர் ஒரு ஆசாரி. நாங்கள் ஆசாரி மாமா என்போம். மரக்கடைக்குக் கோங்கு மரம் எடுக்க வந்த இடத்தில், வேலை நேரம் முடிந்து ஓரமாக உட்கார்ந்து அப்பா ஒரு துண்டுப் பலகையை இழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் விழுந்து கிடந்த சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாராம். பலகை நீளத்துக்கு ஒரே சுருள், எங்கேயும் அறுபடவில்லை, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிறது.

“இது என்ன வச்சு இழைச்சீரு?”

“யத்தங்க.”

“என்னது?”

“இழைப்புளிங்க.”

“நாளைக்கு என் பட்டறைக்கு வாரும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். மாமா வீட்டு வேலைகளைப் பிடிப்பார். நிலை அவர் கை. கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் அப்பா கை. முதலில் பட்டறைப் பையன்கள் அப்பா பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். நாலைந்து வருஷத்தில் “யத்த எங்கல? கியதய எடுத்துட்டு வால” என்று அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஹட்டன் மலையில் ஒரு சிங்களவர் சொல்லிக்கொடுத்த சொல், தச்சநல்லூர்ப் பட்டறையில் ‘ல’ சேர்ந்து ஓடியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

நல்ல காலம் அதுதான். கல்யாணச் சீருக்குக் கட்டில், பீரோ. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு. ஒரு பள்ளிக்கூடம் நாற்பது பெஞ்சுக்கு ஒன்றேகால் வருஷம் கழித்துப் பணம் கொடுத்தது. அந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளித் துணி இல்லை. 1986இல் வீட்டுக் கடன் வாங்கி இரண்டரை சென்டில் இந்த வீடு.

நிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் புது வீட்டுக்குத் தலைவாசல் நிலை வைப்பது சாமி காரியம். விடியற்காலை நல்ல நேரம் பார்த்து, நிலைக்கு மஞ்சள் சந்தனம் பூசி, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியமும் காசும் முடிந்து வைத்து, ஆசாரிக்கு வேட்டி துண்டு தட்சணை கொடுத்துத்தான் தூக்கி நிறுத்துவார்கள். அந்த இடத்தில் அப்பா எப்போதும் நாலடி தள்ளி நிற்பார். அப்பா இழைத்த மரமாகவே இருந்தாலும் அன்று காலை அதைத் தொடமாட்டார். யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

1990இல் ஆசாரி மாமாவுக்குக் கண் மங்கி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அவருடைய மகள் வீடு கட்டினாள். “என் மக வீட்டு நிலைய நீருதான்வே அடிக்கணும்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மாட்டேன் என்றார். இரண்டு நாள் பேச்சு நடந்தது. மாமாவின் தம்பிகள் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். கடைசியில் மாமா, “எனக்குக் கண்ணு தெரியலன்னுதான போச்சு, மரம் தெரியலன்னு போகல. யாரு கை நல்ல கைன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா நாலு நூல் தடிமனுக்கு, துளைக்குள் போகிற கழுந்தை இறக்கி, துளையை மூன்று தடவை வெட்டிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை சீவி, கடைசியில் கொட்டாப்புளியால் இரண்டே தட்டு. மாமா பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டை விரல் நகத்தை அந்த இணைப்பில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். மறுபடி இழுத்தார். நகம் எங்கேயும் மாட்டவில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் வெற்றிலைப் பெட்டியை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தார்.

மறுநாள் விடியற்காலை பூசையில் மாமா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து நிலையின் மேல் வைத்து, தன் கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார். தம்பிகள் வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிடாமல் போய்விட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு சில பேர் அப்பாவை நிலைக்கும் கூப்பிட்டார்கள். எல்லாரும் இல்லை.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரம் வரைக்கும் பாஸ் உன்னஹேயிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். தெரிந்த தமிழ் ஆள் யாரையாவது வைத்து எழுதச் சொல்லியிருப்பார், கீழே அவருடைய சிங்களக் கையெழுத்து வட்ட வட்டமாக இருக்கும். ஜூலைக்குப் பிறகு கடிதம் வரவில்லை. அப்பா மூன்று தடவை எழுதினார். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வேறு விதமான தொல்லை. சிலோன்காரர் வீடு என்று யாரோ சொல்லி, விசாரிக்க ஆள் வந்தது. அண்ணனை இரண்டு மணிநேரம் உட்காரவைத்தார்கள். அப்பா குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு போய், அகதி வேறு, தாயகம் திரும்பியவன் வேறு என்று நின்றுகொண்டே விளக்கினார். இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன்.

ஒருமுறை மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம், நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம். அண்ணனோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். கல்லிடைக்குறிச்சி தாண்டி, மணிமுத்தாறு அணைக்கு மேலே பஸ் ஏற ஏற அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஃபேக்டரி பக்கத்தில் இறங்கியதும் அப்படியே நின்றார். கொழுந்து வாட்டுகிற வாசனை. புல்லும் பழமும் கலந்த மாதிரி ஒரு மணம், எனக்கு அது புதுசு. அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. லைன் வீடுகளில் ஒவ்வொரு வாசலிலும் நின்று நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கல்யாணச் சாப்பாட்டைவிட அந்த நடையில்தான் அவருக்குத் திருப்தி.

அதனால்தான் 1999 ஜூலை 23 அவரை அப்படி உடைத்தது. கூலி உயர்வு கேட்ட மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அப்பா அந்த வாரம் முழுக்கப் பட்டறையைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஆனால் சுலோசன முதலியார் பாலத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 2024இல் மாஞ்சோலையில் விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை மலையிலிருந்து இறக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்ததை நான்தான் படித்துக் காட்டினேன். “பெட்டி கட்டிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டில் அவர் கடைசிவரை மலைநாட்டுக்காரர்தான். தேங்காய் ரொட்டி, இடிச்ச சம்பல். சம்பலுக்கு மாசி வேண்டும். நல்ல வேளை, மாசிக்கருவாடு நம் தூத்துக்குடியிலேயே கிடைக்கிறது. பால் டீ குடிக்கவே மாட்டார். பிளேன்டீயைக் கொதிக்கக் கொதிக்க வைத்துக்கொண்டு, ஒரு கடி கருப்பட்டி, ஒரு வாய் டீ. அங்கே கித்துல் கருப்பட்டி, இங்கே உடன்குடிக் கருப்பட்டி. இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊரே உசத்தி என்று ஒத்துக்கொள்வார். அம்மா 2011இல் போன பிறகு அந்தக் கருப்பட்டியை உடைத்துக் கொடுப்பது என் வேலை.

2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். 17, 18ஆம் தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அண்ணன் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றை ஒட்டி. அவன் மகள் கல்யாணப் பட்டுக்காக இந்தப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தான். ராத்திரியில் தண்ணீர் நெஞ்சளவு ஏறி, எல்லாரும் மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். தண்ணீர் வடிந்து இறங்கி வந்தால் பிளைவுட் பீரோ தோசை மாவு மாதிரி உப்பிக் கிடக்கிறது. இந்தப் பெட்டி மிதந்துபோய் மாடிப்படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே நாலு விரல் தண்ணீர்தான். மேலே இருந்த சேலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேனில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்பாவுக்கு அப்போது எண்பத்தொன்பது. நாற்காலியைப் பெட்டிப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். சேறைத் துடைத்துவிட்டு நாலு மூலையிலும் கட்டை விரல் நகத்தை வைத்து, மேலிருந்து கீழே, ஆசாரி மாமா செய்த மாதிரியே இழுத்துப் பார்த்தார்.

“வாய் திறக்கலைங்க” என்றார்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து, ஒரு காலையில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அப்படியே போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. பட்டறையில் பழகிய பையன்கள், இப்போது அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது, ஏழெட்டுப் பேர் வந்து தூக்கினார்கள்.

இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் கத்தாரில் கார்பெண்டராக இருக்கிறான். தாத்தாவிடம் பழகியவன். 2022இல் ஒரு வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

“அத்தை, தாத்தாட்ட குடுங்க. இங்க என்கூட வேலை பாக்க ஒருத்தரு, குருநாகல்காரரு. நான் மறந்துபோயி ‘யத்தய எடு’ன்னுட்டேன். மனுசன் அப்படியே நின்னுட்டாரு. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேக்காரு.”

போனைக் கொடுத்தேன். அப்பா திரையில் தெரிந்த ஆளை உற்றுப் பார்த்தார். இளவயசுக்காரர், தலையில் மஞ்சள் தொப்பி. “கொஹொமத?” என்று ஆரம்பித்தார் அப்பா. அதற்குப் பிறகு இருபது நிமிஷம். எண்ணிக்கையையும் ஆயுதப் பெயர்களையும் தவிர அவர் வாயில் இருந்து நாங்கள் சிங்களம் கேட்டதே இல்லை. அரை நூற்றாண்டாக உள்ளே எங்கே வைத்திருந்தாரோ, தடுக்காமல் வந்தது. கையை ஆட்டி, சிரித்து, நடுவில் குரல் கம்மி, மறுபடி சிரித்து. எனக்கு அதில் பிடிபட்டது யத்த, நியன, இடையில் ஒரு தடவை பாஸ் உன்னஹே, நாலைந்து தடவை கொஸ். கொஸ் என்றால் பலா.

பேசி முடித்து போனை என்னிடம் நீட்டினார். “என்னப்பா சொன்னாரு?” என்றேன்.

“அவுங்க ஊர்லயும் கொஸ் மரம் கொறஞ்சு போச்சாம்” என்றார். பிறகு, “கொஞ்சம் தேத்தண்ணி போடுங்க. கருப்பட்டி பெருசா ஒடச்சுக் கொண்டாங்க.”